குட்டி எஞ்சினின் கதை

பெட்டிகளைக் கொண்டுவருவது யார்?

கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹவுரா ரயில் நிலையம் இருக்கிறது. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி இங்கிருந்து ஹூக்ளி என்ற ஊருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. சென்னையில் ஏறினால் சுமார் 1,660 கிலோமீட்டர் பயணம் செய்து ஹவுராவில் இறங்கலாம்.

வண்டி வந்து நிற்கிறது. பயணிகள் இறங்குகிறார்கள். மூட்டை முடிச்சுகளுடன் வெளியே போய்விடுகிறார்கள். அதன் பிறகு அந்தக் காலிப் பெட்டிகள் என்ன ஆகின்றன?

அவை அங்கேயே நிற்க முடியாது. அடுத்த வண்டிக்கு இடம் வேண்டும். பெட்டிகளை யார்டுக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே கழுவ வேண்டும். தண்ணீர் நிரப்ப வேண்டும். சக்கரங்களைச் சோதிக்க வேண்டும். பழுதான பெட்டியைக் கழற்றி, வேறு பெட்டியைச் சேர்க்க வேண்டும். பிறகு புறப்படும் நேரத்துக்குள் மறுபடியும் நடைமேடைக்குக் கொண்டுவர வேண்டும்.

இப்படிப் பெட்டிகளை இழுத்தும் தள்ளியும், சேர்த்தும் பிரித்தும் வைக்கும் வேலைக்கு 'ஷண்டிங்' என்று பெயர். இந்த வேலைக்கென்றே சிறிய ரயில் எஞ்சின்கள் உண்டு. அவை தூரப் பயணம் போவதில்லை. வேகமாக ஓடுவதில்லை. யார்டுக்குள்ளேயே நாள் முழுதும் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும். ஆனால் இந்தக் குட்டி எஞ்சின் வேலை செய்யாவிட்டால் பெரிய வண்டி எதுவும் நேரத்துக்குக் கிளம்பாது.

ஆபத்தான வேலை

ஷண்டிங் வேலை பார்க்க எளிது. செய்வது கடினம். எஞ்சின் ஓட்டுநர் மட்டும் இதைச் செய்ய முடியாது. கீழே தண்டவாளத்தின் அருகே ஷண்டரும் பாயிண்ட்ஸ்மேனும் நிற்பார்கள். பகலில் கொடியும் இரவில் கைவிளக்கும் காட்டுவார்கள். ஓட்டுநர் அதைப் பார்த்தே எஞ்சினை நகர்த்துவார்.

பெட்டிகளை இணைக்க ஒருவர் இரண்டு பெட்டிகளுக்கும் இடையே போக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் ஒரு முழம் நகர்ந்தாலும் உயிர் போய்விடும். ஆகவே ஷண்டிங் எஞ்சின் மெதுவாக நகர வேண்டும். குலுக்கல் இல்லாமல் நகர வேண்டும். நில் என்றால் உடனே நிற்க வேண்டும். இந்திய ரயில்வே விதிப்படி ஷண்டிங் செய்யும்போது மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகக் கூடாது.

வெளியாட்களுக்கும் ஆபத்து உண்டு. யார்டில் நிற்கும் பெட்டிகள் எப்போது நகரும் என்று தெரியாது. எஞ்சின் மறுகோடியில் இருந்து தள்ளும். இந்தக் கோடியில் சத்தமே கேட்காது. நிற்கும் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து கடக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

நீராவி போதவில்லை

முதலில் ஷண்டிங் வேலையையும் நீராவி எஞ்சின்களே செய்தன. நீராவி எஞ்சினை நினைத்த நேரத்தில் கிளப்ப முடியாது. பல மணி நேரம் முன்பே தீ மூட்டி, தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். ஷண்டிங் எஞ்சின் பத்து நிமிடம் வேலை செய்யும். அரை மணி நேரம் சும்மா நிற்கும். சும்மா நிற்கும்போதும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். நிலக்கரி வீணாகும்.

கொல்கத்தா துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கிதர்பூர் கப்பல்துறை 1892இல் திறக்கப்பட்டது. துறைமுகத்துக்குள்ளேயே தண்டவாளங்கள் போடப்பட்டன. சணலும் தேயிலையும் நிலக்கரியும் வேகன்களில் வந்து கப்பலேறின. சணல் சீக்கிரம் தீப்பிடிக்கும் பொருள். அதன் அருகே தீப்பொறி பறக்கும் எஞ்சின் போவது நல்லதல்ல. டீசல் எஞ்சினில் திறந்த அடுப்பு இல்லை. வேலை இல்லாதபோது நிறுத்திவிடலாம். தேவைப்படும்போது சில நிமிடங்களில் கிளப்பலாம். ஷண்டிங் வேலைக்கு டீசல் பொருத்தமாக இருந்தது.

டீசலில் ஒரு சிக்கல்

ஆனால் டீசலில் ஒரு சிக்கல் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கதை புரியும்.

பாரம் ஏற்றிய மாட்டு வண்டி கிளம்பும்போதுதான் மாடுகள் மிகவும் சிரமப்படும். வண்டி உருளத் தொடங்கிவிட்டால் அவ்வளவு பலம் வேண்டாம். ரயிலும் அப்படித்தான். கிளம்பும்போதுதான் அதிக விசை தேவை.

நீராவி எஞ்சின் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்துடன் தள்ளும். டீசல் எந்திரம் அப்படியல்ல. அது எப்போதும் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். சுழற்சி மிகவும் குறைந்தால் அணைந்துவிடும். எந்திரமோ சுழல்கிறது. சக்கரமோ நிற்கிறது. இரண்டையும் எப்படி இணைப்பது?

லாரியில் இதற்குக் கிளச்சும் கியரும் உண்டு. ஆனால் பல நூறு டன் எடையுள்ள ரயில் பெட்டிகளுக்கு லாரியின் கிளச் தாங்காது. தேய்ந்து கருகிவிடும். ஆகவே பொறியாளர்கள் இரண்டு வழிகளைக் கண்டார்கள்.

ஒன்று, மின்சார வழி. டீசல் எந்திரம் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும். அதில் மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரம் சக்கரங்களில் உள்ள மோட்டார்களை ஓட்டும்.

மற்றொன்று, எண்ணெய் வழி. இதை ஓர் எடுத்துக்காட்டால் புரிந்துகொள்ளலாம். இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். மற்றொன்றுக்கு மின்சாரம் தர வேண்டாம். ஓடும் விசிறியின் காற்றுப் பட்டு மற்ற விசிறியும் மெல்லச் சுழலும். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. காற்றே சக்தியைக் கொண்டு போகிறது.

காற்றுக்குப் பதில் எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நிரம்பிய இரும்புக் கூட்டுக்குள் இறக்கைகள் உள்ள இரண்டு சக்கரங்கள் இருக்கும். ஒன்றை டீசல் எந்திரம் சுழற்றும். அது எண்ணெயை வேகமாக வீசும். அந்த எண்ணெய் மற்ற சக்கரத்தைச் சுழற்றும். இதனுடன் மூன்றாவதாக ஓர் அசையாத இறக்கை வளையத்தையும் வைப்பார்கள். அது எண்ணெயின் திசையைத் திருப்பிவிடும். அதனால் சுழற்றும் விசை பல மடங்கு பெருகும். இந்த அமைப்புக்கு 'டார்க் கன்வர்ட்டர்' என்று பெயர். இது வண்டியைக் குலுக்காமல் மெல்ல நகர்த்தும். ஷண்டிங் வேலைக்கு வேண்டியது இதுதானே!

வெளிநாட்டிலிருந்து வந்தவை

இந்திய ரயில்வேக்கு முதலில் வந்த ஷண்டிங் டீசல்கள் வெளிநாட்டில் செய்யப்பட்டவை. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து 15 எஞ்சின்கள் வந்தன. அவை மின்சார வழியில் இயங்கின. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் கிராஸ் மாஃபை நிறுவனத்திலிருந்து சில வந்தன. 1961இல் ஜெர்மனியின் கீல் நகரிலுள்ள மாக் நிறுவனத்திலிருந்து 7 எஞ்சின்கள் வந்தன.

இந்த வகை எஞ்சின்களின் மேல் டபிள்யூ.டி.எஸ். என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். டபிள்யூ என்றால் அகலப் பாதை. டி என்றால் டீசல். எஸ் என்றால் ஷண்டிங். அடுத்து வரும் எண் வகையைக் குறிக்கும். மாக் நிறுவனத்தின் எஞ்சின் 3ஆம் வகை. அதன் சக்தி சுமார் 618 குதிரைச்சக்தி. வயலில் ஓடும் பம்புசெட் 5 குதிரைச்சக்தி என்றால், இது அதைப்போல் 120 மடங்குக்கு மேல்.

அமெரிக்காவிலும் அதே ஆண்டு

1961ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஒரு சோதனை நடந்தது. அமெரிக்கா தானே ஏராளமாக ரயில் எஞ்சின்களைச் செய்யும் நாடு. அங்குள்ள டீசல் எஞ்சின்கள் மின்சார வழியில் ஓடின. மலைப் பாதையில் நீண்ட சரக்கு வண்டிகளை இழுக்க இன்னும் பலமான எஞ்சின் தேவைப்பட்டது. ஆகவே இரண்டு ரயில் நிறுவனங்கள் ஜெர்மனியின் கிராஸ் மாஃபை நிறுவனத்திடம் 6 எஞ்சின்களை வாங்கின. இவை ஷண்டிங் எஞ்சின்கள் அல்ல. நெடுந்தூரம் ஓடும் பெரிய எஞ்சின்கள். ஒவ்வொன்றும் 4,000 குதிரைச்சக்தி கொண்டது. இவை எண்ணெய் வழியில் இயங்கின.

எஞ்சின்கள் நன்றாக இழுத்தன. சதர்ன் பசிபிக் என்ற நிறுவனம் மேலும் 15 வாங்கியது. ஆனால் தொல்லைகளும் வந்தன. மலைச் சுரங்கப் பாதைகளில் வெப்பமும் புகையும் நிறைந்த காற்று எந்திரத்துக்குள் போனது. எந்திரம் திணறியது. பழுது பார்க்கும் தொழிலாளர்கள் மின்சார வழி எஞ்சின்களிலேயே பழகியவர்கள். எண்ணெய் வழி அவர்களுக்குப் புதிது. உதிரிப் பாகங்கள் கடல் கடந்து வர வேண்டும். இதற்குள் அமெரிக்கத் தொழிற்சாலைகள் தாமே அதிகப் பலமுள்ள எஞ்சின்களைச் செய்துவிட்டன. 1968க்குள் ஜெர்மன் எஞ்சின்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஓட்டுநர் பயிற்சிக்காகப் படம் எடுக்கும் வண்டியாக அதை மாற்றினார்கள். இப்போது அது கலிபோர்னியாவில் பாதுகாக்கப்படுகிறது.

அந்த எஞ்சின் மோசமானதா? இல்லை. ஜெர்மனியில் அதே முறை நன்றாக ஓடியது. ஒரு நாட்டில் நன்றாக ஓடுவது இன்னொரு நாட்டிலும் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. பாதை வேறு. பாரம் வேறு. வெப்பம் வேறு. வேலை செய்யும் கைகள் பழகிய பழக்கமும் வேறு.

சித்தரஞ்சனில் செய்தது

இந்தியா என்ன செய்தது? தானே செய்யக் கற்றுக்கொண்டது.

கொல்கத்தாவிலிருந்து சுமார் 235 கிலோமீட்டர் தூரத்தில் சித்தரஞ்சன் என்ற ஊர் இருக்கிறது. வங்காளத் தலைவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். அங்கே ரயில் எஞ்சின் தொழிற்சாலை அமைந்தது. 1950ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி அங்கு செய்த முதல் நீராவி எஞ்சினைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் நாட்டுக்கு அர்ப்பணித்தார். எஞ்சினின் பெயரும் தேசபந்துதான். 1972 வரை 2,351 நீராவி எஞ்சின்கள் அங்கே உருவாயின.

1968இல் அந்தத் தொழிற்சாலை ஷண்டிங் டீசல் எஞ்சின்களையும் செய்யத் தொடங்கியது. மாக் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை வாங்கி, டீசல் எந்திரத்தை இங்கேயே செய்தார்கள். சக்தி 600 முதல் 700 குதிரைச்சக்தி. எடை சுமார் 60 டன். இதுதான் டபிள்யூ.டி.எஸ். 4ஆம் வகை.

இந்த எஞ்சின் பார்க்க வேடிக்கையாக இருக்கும். உள்ளே டீசல் எந்திரம். ஆனால் வெளியே சக்கரங்களை இணைத்து, நீராவி எஞ்சினில் இருப்பது போல் இரும்புத் தண்டு போகும். பக்கத்துக்கு மூன்று சக்கரங்கள். மூன்றும் ஒன்றாகச் சுழலும். ஒரு சக்கரம் மட்டும் தனியே வழுக்கிச் சுழலாது. அதனால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

எண்ணெய் வழியிலும் ஒரு குறை இருந்தது. டார்க் கன்வர்ட்டர் மெதுவாகப் போகும்போது நன்றாக உதவும். வேகம் கூடினால் அதில் சக்தி வீணாகும். வீணாகும் சக்தி எண்ணெயைச் சூடாக்கும். இதற்கு மன் மோகன் சூரி என்ற இந்தியப் பொறியாளர் ஒரு வழி கண்டார். அவர் ரயில்வேயில் வேலை செய்தவர். கிளம்பும்போது டார்க் கன்வர்ட்டர் வேலை செய்யட்டும். வேகம் வந்ததும் அதை விட்டுவிட்டு, வீண் குறைவான வேறொரு இணைப்புக்கு மாறட்டும். இதுவே அவருடைய முறை. அதற்குச் சூரி முறை என்றே பெயர் வந்தது. சித்தரஞ்சன் ஷண்டிங் எஞ்சின்களில் இந்த முறை பயன்பட்டது.

1962இல் சூரிக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு கிடைத்தது. அது அறிவியலுக்காக இந்தியாவில் தரப்படும் உயர்ந்த பரிசுகளில் ஒன்று. பிறகு அவர் மேற்கு வங்காளத்தின் துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். சுவராஜ் டிராக்டர் அந்த நிறுவனத்தில்தான் உருவானது. அந்த டிராக்டர் உழவர்கள் பலருக்கும் தெரிந்ததுதான்.

சித்தரஞ்சனில் 1993-94 வரை மொத்தம் 842 டீசல் எஞ்சின்கள் செய்யப்பட்டன. ஜெர்மனியிலிருந்து வந்த அந்த 7 எஞ்சின்களை என்ன செய்தார்கள் தெரியுமா? தூக்கி எறியவில்லை. 1976 முதல் 1978 வரையில் அவற்றைத் திருத்திக் கட்டி, 4ஆம் வகையின் ஒரு பிரிவாகவே மாற்றிக்கொண்டார்கள். வந்த விருந்தாளி வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

உதிரிப் பாகத்தின் பாடம்

எண்ணெய் வழியே இந்தியாவில் நிலைத்து நின்றதா? முழுதும் இல்லை. வாரணாசியில் 1964 முதல் பெரிய டீசல் எஞ்சின்கள் உருவாயின. அவை அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் அமைப்பைக் கொண்டவை. மின்சார வழியில் ஓடின. நாடு முழுவதும் பரவின. அவற்றைப் பழுது பார்க்கும் கொட்டகைகளும் ஆட்களும் பாகங்களும் எங்கும் கிடைத்தன. 1970களில் அதே குடும்பத்தைச் சேர்ந்த சிறிய எந்திரத்தை வைத்து, டபிள்யூ.டி.எஸ். 6ஆம் வகை ஷண்டிங் எஞ்சினை வாரணாசியில் செய்தார்கள்.

இதனால் ஒரு நன்மை. பெரிய எஞ்சினைப் பழுது பார்க்கத் தெரிந்தவரே சிறிய எஞ்சினையும் பார்த்துவிடலாம். பல பாகங்கள் இரண்டுக்கும் பொருந்தும். கிராமத்தில் பம்புசெட் வாங்கும் உழவரும் இதைத்தானே யோசிக்கிறார்? விலை என்ன என்று மட்டும் கேட்பதில்லை. பாகம் எங்கே கிடைக்கும், பழுது பார்க்க ஆள் உண்டா என்றும் கேட்கிறார். ரயில்வேக்கும் அதே கணக்குத்தான்.

இன்று

இன்று இந்தியாவின் அகலப் பாதைகள் ஏறக்குறைய எல்லாமே மின்மயமாகிவிட்டன. சித்தரஞ்சன் தொழிற்சாலை மின்சார எஞ்சின்களைச் செய்கிறது. கொல்கத்தாவுக்கு அருகே டான்குனியிலும் அதன் கிளை இருக்கிறது. ஆனாலும் எல்லா இடத்திலும் மேலே மின்கம்பி போட முடியாது. துறைமுகத்தில் கிரேன் மேலிருந்து சரக்கை இறக்கும். அங்கே கம்பி இருந்தால் ஆபத்து. இப்படிப்பட்ட இடங்களில் டீசல் ஷண்டிங் எஞ்சினுக்கு இன்னும் வேலை உண்டு.

வெளியிலிருந்து ஒரு பொருளை வாங்குவது எளிது. காசு இருந்தால் போதும். அது நம் மண்ணுக்கும் வேலைக்கும் ஒத்துவருமா என்று சோதிப்பது கடினம். அதைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொண்டு, குறையைத் திருத்தி, நாமே செய்வது இன்னும் கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்தவர்களுக்கே பொருள் சொந்தமாகிறது. யார்டில் மெதுவாக நகரும் குட்டி எஞ்சின் சொல்லும் சேதி இதுதான்.

சொற்களும் பொருளும்

யார்டு – ரயில் பெட்டிகளை நிறுத்தி வைத்து, சேர்த்துப் பிரிக்கும் இடம்
ஷண்டிங் – பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் இடம் மாற்றும் வேலை
வேகன் – சரக்கு ஏற்றும் ரயில் பெட்டி
குதிரைச்சக்தி – எந்திரத்தின் சக்தியை அளக்கும் அளவு
உதிரிப் பாகம் – பழுதானால் மாற்றிப் போடும் பாகம்

படித்தபின் பதில் சொல்லுங்கள்

1. ஷண்டிங் எஞ்சின் குலுக்காமல் நகர வேண்டும். ஏன்?
2. டீசல் எந்திரத்தைச் சக்கரத்துடன் நேராக இணைக்க முடியாது. ஏன்?
3. டபிள்யூ.டி.எஸ். என்ற எழுத்துகளின் பொருள் என்ன?
4. ஜெர்மன் எஞ்சின்களை அமெரிக்கா ஏன் ஒதுக்கியது?
5. சூரி முறையில் வண்டி கிளம்பும்போது எது வேலை செய்கிறது? வேகம் வந்ததும் என்ன நடக்கிறது?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் வெளியூரிலிருந்து வந்த எந்திரம் ஏதாவது உண்டா? அது பழுதானால் யார் சரி செய்கிறார்கள்? பாகங்கள் எங்கே கிடைக்கின்றன? அந்த வேலையை உங்கள் ஊர் இளைஞர்கள் கற்றுக்கொள்ள முடியுமா? உங்கள் படிப்பு வட்டத்தில் பேசி, ஐந்து வரிகள் எழுதுங்கள்.